வுர்ட்செல்லின் மாத்திரையும் என் பழைய வரியும்

நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு வாசிப்புக் குறிப்பு எழுதியிருந்தேன். எலிசபெத் வுர்ட்செல்லின் 'மோர், நவ், அகெய்ன்' என்ற தன்வரலாற்று நூல் பற்றியது. அதில் போகிற போக்கில் ஒரு வரி: ரிட்டாலினும் கொக்கைனும் மூளைக்குள் செய்கிற வேலை ஒன்றேதான். எழுதும்போது ரொம்ப சாமர்த்தியமாக எழுதிவிட்டதாக நினைப்பு.

போன மாதம் கல்லூரித் தோழி ஒருத்தி போன் பண்ணினாள். அவள் பையனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. என்று குழந்தைகள் மனநல மருத்துவர் சொல்லி, மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரிட்டாலின் என்ற வியாபாரப் பெயரில் உலகத்துக்குத் தெரிந்த அதே மருந்து. பதினொரு நாள் கொடுத்திருக்கிறாள். பையன் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து எழுதினானாம். பன்னிரண்டாம் நாள் நிறுத்திவிட்டாள்.

"நீதானே எழுதியிருந்தே, கொக்கைனும் இதுவும் ஒன்னுதான்னு? அதைப் படிச்சப்புறம் புள்ளை கையில எப்படிக் கொடுப்பேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வரி பொய் இல்லை, ஆனால் முக்கால்வாசி உண்மையை வெளியே விட்டுவிட்ட வரி. அதனால் புத்தகத்தை மறுபடி எடுத்தேன், கூடவே அப்போது படிக்காமல் விட்ட சில ஆய்வுக் கட்டுரைகளையும். இந்தக் குறிப்பு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு விமர்சனம், என் பழைய குறிப்பின் மேலும்தான்.

முதலில் கதை. வுர்ட்செல் 1994இல் 'ப்ரோசாக் நேஷன்' எழுதிப் பேர் வாங்கியவர். தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதிய அந்தப் புத்தகம் அமெரிக்காவில் ஒரு தலைமுறையின் அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த புத்தகத்தை, 1998இல் வெளிவந்த 'பிட்ச்', ஃப்ளோரிடாவில் தனியாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார். கெடு தாண்டிவிட்டது, கவனம் நிற்கவில்லை. மனச்சோர்வு மருந்துக்குத் துணையாகவும் கவனத்துக்காகவும் மருத்துவர் ரிட்டாலின் எழுதித் தருகிறார். முதலில் வேலை செய்கிறது. பிறகு அவர் அதைப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்ச ஆரம்பிக்கிறார். நாளுக்கு 40 மாத்திரை வரை போகிறது. கூடவே கொக்கைன். கால் முடியை இடுக்கியால் மணிக்கணக்கில் பிடுங்கிப் பிடுங்கிப் புண்ணாக்கிக்கொள்கிறார். கடையில் திருடிக் கைதாகிறார். மறுவாழ்வு மையம், வெளியே வந்து மறுபடி விழுதல், மறுபடி எழுதல். புத்தகம் 2002இல் வந்தது. 2020 ஜனவரியில், 52 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

விமர்சகர்கள் இந்தப் புத்தகத்தை விட்டு வைக்கவில்லை. தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாதவர், புலம்பல், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பெண் என்ற தொனியில்தான் பெரும்பாலும் எழுதினார்கள். ஓரளவு அவரே வழி காட்டிக் கொடுத்திருக்கிறார். தான் பிறவியிலேயே 'இன்னும் வேணும்' என்கிற ஆள், எதைக் கொடுத்தாலும் போதாது என்பதுதான் புத்தகம் நெடுக அவர் தரும் விளக்கம். நானும் அந்த விளக்கத்தைத்தான் நம்பிக் குறிப்பு எழுதினேன்.

இந்தத் தடவை என்னை நிறுத்தியது தலைப்பு. மூன்று சொல். இன்னும், இப்பவே, மறுபடியும். இதில் 'இன்னும்' மட்டும்தான் அளவைப் பற்றியது. மற்ற இரண்டும் நேரத்தைப் பற்றியவை! விமர்சகர்கள் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் பேராசையைப் பற்றி எழுதினார்கள். வுர்ட்செல்லும் அங்கேயே நின்றுவிட்டார். விழுங்குவதிலிருந்து உறிஞ்சுவதற்கு மாறிய இடத்தை அவர் ஒரு பெரிய திருப்பமாக நடத்துவதில்லை. சறுக்கலில் இன்னொரு படி, அவ்வளவுதான். என் கட்சி என்னவென்றால், புத்தகத்தின் மையமே அந்த இடம்தான். அங்கே அளவு மட்டும் மாறவில்லை, கடிகாரமே மாறிவிட்டது.

எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கவேண்டும்.

மாத்திரையை விழுங்கினால் அது இரைப்பையில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, அங்கிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் உடம்புக்குள் பரவுமுன் கல்லீரல் என்ற சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மெத்தில்ஃபெனிடேட்டைப் பொறுத்தவரை இந்தச் சாவடி ரொம்பக் கறார். அங்கிருக்கும் ஒரு நொதி மருந்தைச் சிதைத்து, வேலைக்கு ஆகாத ரிட்டாலினிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. விழுங்கியதில் சராசரியாக 30 சதவீதம் அளவுக்குத்தான் முழுசாக ரத்தத்துக்கு வருகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய வேறுபடும்.

மூக்கின் உட்சவ்வில் ரத்தக்குழாய் அடர்த்தி அதிகம். அங்கே ஏறும் மருந்து கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. நேராக இதயம், அங்கிருந்து மூளை. அதாவது 'அதே மாத்திரை' என்று சொல்வதே தப்பு. அட்டையில் அச்சடித்திருக்கும் மில்லிகிராம் எண், வாய் வழியையும் கல்லீரல் பிடித்துக்கொள்ளும் பங்கையும் கணக்கில் வைத்துச் சோதித்து எழுதிய எண். வழியை மாற்றினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆனால் அளவை விடப் பெரிய விஷயம் வேகம். இங்கேதான் நோரா வோல்காவின் ஆய்வுகள் வருகின்றன. இவர் பிற்பாடு அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானவர். 1990களில் நியூயார்க் பக்கம் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இருந்தபோது, அவருடைய குழு மருந்தில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, அது மூளையில் எங்கே, எப்போது போய்ச் சேர்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தது. 1995இல் அவர்கள் கொக்கைனையும் மெத்தில்ஃபெனிடேட்டையும் நரம்பில் ஊசியாகப் போட்டு ஒப்பிட்டார்கள். இரண்டும் மூளையின் ஒரே பகுதியில் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. இரண்டும் டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தை அடைக்கின்றன. இரண்டும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போயின. என் பழைய வரி இந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. இதை மட்டும் படித்தால் 'ரெண்டும் ஒன்னுதான்' என்றுதான் தோன்றும்.

அடுத்த ஆய்வு 1998இல் வந்தது. இப்போது மருந்து வாய் வழியாக, சாதாரண சிகிச்சை அளவுகளில். 20 மில்லிகிராமிலேயே அந்தப் புரதங்களில் பாதிக்கு மேல் அடைபட்டன. 60 மில்லிகிராமில் முக்கால்வாசி. அதாவது மூளையில் நடக்கும் அடைப்பு கொக்கைனுக்குக் குறைந்தது இல்லை. ஆனால் உச்சத்துக்குப் போக சுமார் ஒரு மணி நேரம் எடுத்தது. வாயில் எடுத்தவர்கள் பொதுவாகக் கிறக்கம் எதையும் சொல்லவில்லை. பூட்டு ஒன்று, சாவி ஒன்று, கதவு திறக்கிற வேகம் மட்டும் வேறு. மூளை வெகுமதியாக எடுத்துக்கொள்வது டோபமைன் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் இல்லை, எவ்வளவு சட்டென்று ஏறியது என்பதையும்தான். மெதுவாக ஏறி இறங்கினால் அது கவனத்துக்கு உதவுகிறது. குபீரென்று ஏறினால் மூளை அதை 'இது முக்கியம், ஞாபகம் வை' என்று குறித்துக்கொள்கிறது.

அதே குழு 2000இல் கொக்கைனை வைத்தே இதை இன்னும் நேராகச் சோதித்தது. புகை, ஊசி, மூக்கு என மூன்று வழி. புரத அடைப்பின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் புகைத்தவர்களுக்கு உச்ச உணர்வு ஒன்றரை நிமிஷத்துக்குள், ஊசிக்கு மூன்று நிமிஷம் போல, மூக்குக்குக் கிட்டத்தட்ட பதினைந்து நிமிஷம். மூக்கில் எடுத்தவர்களை விடப் புகைத்தவர்கள் அதிகக் கிறக்கம் சொன்னார்கள். ஆக மூக்கு என்பது வேகத்தின் உச்சம் இல்லை, நடுவில் இருக்கிற ஒரு படி. அதுவே வுர்ட்செல்லுக்குப் போதுமாக இருந்தது.

தலைப்பின் இரண்டாவது சொல் இப்போது விளங்குகிறது: இப்பவே. சரி, மூன்றாவது?

அதற்கும் 1995 ஆய்விலேயே பதில் இருக்கிறது, நான்தான் தாண்டிப் போய்விட்டேன். கொக்கைன் மூளையிலிருந்து பாதியாகக் குறைய 20 நிமிஷம். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 90 நிமிஷம். இரண்டிலும் கிறக்கம் சீக்கிரமே வடிந்துவிடுகிறது. கொக்கைனில் கிறக்கமும் மருந்தும் சேர்ந்தே வெளியேறுகின்றன. மெத்தில்ஃபெனிடேட்டில் கிறக்கம் போய்விடும், மருந்து உட்கார்ந்திருக்கும். இப்படி மெதுவாக வெளியேறுவதே, கொக்கைன் மாதிரி திரும்பத் திரும்ப எடுக்க விடாமல் ஒரு தடையாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். பலருக்கு அது தடையாக இருக்கலாம். வுர்ட்செல்லுக்கு இருக்கவில்லை. கிறக்கம் போனதும் மறுபடி, அது போனதும் மறுபடி. ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் மருந்தின் மேல் புதுசு ஏறி உட்கார்கிறது. சந்தோஷம் கூடுவதில்லை. படபடப்பும் தூக்கமின்மையும் பயமும் மட்டும் கூடுகின்றன.

அந்த இடுக்கிக் காட்சிகளை நான் இப்போது இப்படித்தான் படிக்கிறேன். முதல் வாசிப்பில் அவை எனக்குக் கொஞ்சம் நாடகமாகப் பட்டன. தன்மேல் தனக்கிருக்கும் வெறுப்பின் குறியீடு என்றெல்லாம் எழுதிவைத்தேன். (பழைய குறிப்பில் அந்தப் பத்தியை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.) ஆனால் ஊக்கி மருந்துகளை அதிகம் எடுப்பவர்கள் அர்த்தமில்லாத ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்வது 1970களிலேயே மருத்துவ இலக்கியத்தில் பதிவான ஒன்று. ஸ்வீடனில் யோஸ்டா ரைலாண்டர் என்ற மனநல மருத்துவர், ஆம்ஃபெட்டமின் எடுப்பவர்கள் சாமான்களைப் பிரித்துப் பிரித்து அடுக்குவதைக் கவனித்து, அவர்களே அதற்கு வைத்திருந்த கொச்சைப் பெயரான 'பண்டிங்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒருவர் கடிகாரத்தைக் கழற்றுவார், ஒருவர் கைப்பையை ஆயிரம் தடவை அடுக்குவார். வுர்ட்செல் முடி பிடுங்கினார். அதைக் குறியீடாகப் படிப்பதை விட, போகாமல் உட்கார்ந்திருக்கும் மருந்தின் வேலையாகப் படிப்பதுதான் அவருக்குச் செய்யும் நியாயம் என்று படுகிறது. புத்தகத்தின் பலமும் அங்கேதான். காரணம் சொல்லும்போது தடுமாறுகிறவர், நடந்ததைச் சொல்லும்போது துல்லியமாக இருக்கிறார்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரலாம். அப்போ வாய் நல்லது, மூக்கு கெட்டது, அவ்வளவுதானா? இல்லை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்று சரித்திரத்திலேயே இருக்கிறது. 1930களின் ஆரம்பத்தில் ஸ்மித், க்லைன் அண்ட் ஃப்ரெஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் மூக்கடைப்புக்கு 'பென்செட்ரின்' என்ற உறிஞ்சுகுழலை விற்றது. உள்ளே ஆம்ஃபெட்டமினில் ஊறிய காகிதம். மூக்கில் வைத்து இழுத்தால் கொஞ்சமே கொஞ்சம் ஆவி போகும், சளி இளகும். மருந்துச்சீட்டுகூடத் தேவையில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குழலை உடைத்து, காகிதத்தை எடுத்து விழுங்கினார்கள், இல்லாவிட்டால் காப்பியில் ஊறப்போட்டுக் குடித்தார்கள். பின்னால் மாத்திரையாக வந்த பென்செட்ரின் 10 மில்லிகிராம். அந்தக் குழலுக்குள் இருந்ததோ 325! 1949இல் நிறுவனம் உள்ளே இருக்கும் சரக்கையே மாற்றவேண்டி வந்தது.

மூக்குக்கென்று செய்ததை வாயில் போட்டால் விபரீதம், வாய்க்கென்று செய்ததை மூக்கில் போட்டாலும் விபரீதம். ஒரு மருந்து பாதுகாப்பானது என்று சொல்லும்போது நாம் உண்மையில் சொல்வது ஒரு மருந்தையும் ஒரு அளவையும் ஒரு வழியையும் சேர்த்துத்தான். மூன்றில் ஒன்றைக் கழற்றினாலும் மீதி இரண்டுக்கு உத்தரவாதம் கிடையாது. நம் ஊரில் தாத்தாக்களின் மடியில் மூக்குப்பொடி டப்பி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூக்கில் பொடி ஏற்றுவது அப்படியொன்றும் பயங்கரமாகத் தோன்றாது. அதனாலேயே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. மாத்திரையில் மருந்து ஒரு துளிதான், மீதி எல்லாம் அதைக் கட்டி வைக்கிற மாவும் உப்பும் இன்ன பிறவும். வயிற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. மூக்குச் சவ்வுக்கு அது மண். உயிருக்கே ஆபத்தும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டை மூக்கில் எடுத்து நேர்ந்த ஒரு மரணம் 1999இல் அமெரிக்கத் தடயவியல் இதழ் ஒன்றில் பதிவானது.

மருந்து நிறுவனங்கள் இந்த வேகக் கணக்கைப் புரிந்துகொண்டுதான் பிற்பாடு வந்த வடிவங்களைச் செய்தன. 2000இல் அனுமதி பெற்ற கான்செர்ட்டா, குடலில் நீரை உறிஞ்சி மருந்தை நாள் முழுக்க மெதுவாகத் தள்ளிவிடும் ஒரு சின்ன பம்ப் மாதிரி. 2007இல் வந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் இன்னும் கெட்டி. அதில் ஆம்ஃபெட்டமினோடு லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கட்டிவிட்டார்கள். ரத்தத்தின் சிவப்பணுக்கள் அந்தக் கட்டை அவிழ்க்கும்வரை மருந்து தூங்கும். அதை மூக்கில் கொடுத்தும் வாயில் கொடுத்தும் 2011இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் ஆம்ஃபெட்டமின் ஏறிய விதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. வழியை மாற்றி ஒரு லாபமும் இல்லை என்றாகிவிட்டது. மாத்திரைகளை எண்ணிக்கையில் கூட்டி விழுங்குகிறவரை எந்தப் பூட்டும் தடுக்காது, அது வேறு விஷயம்.

வுர்ட்செல்லின் மேல் எனக்கிருக்கும் ஒரு வருத்தம், இத்தனை வெளிப்படையான மனுஷி, தனக்கு மருந்து எழுதிய அறைக்குள் நடந்ததை இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்டிருக்கலாம் என்பது. மருத்துவரைத் திட்டச் சொல்லவில்லை. மனச்சோர்வும் தனிமையும் கெடு நெருக்கடியும் உள்ள ஒருவர் கையில் வேகமாகக் கரையும் மாத்திரையைக் கொடுக்கும்போது 'இதை எப்படி எடுக்கிறீங்க?' என்ற கேள்வியை யாராவது கேட்கவேண்டும். எத்தனை எடுக்கிறீங்க என்று கேட்பது மட்டும் போதாது. 2023 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எல்லா ஊக்கி மருந்துகளின் கட்டமிட்ட எச்சரிக்கையையும் திருத்தியது. அதிக அளவில் எடுத்தாலும், உறிஞ்சுதல், ஊசி போன்ற அனுமதிக்கப்படாத வழிகளில் எடுத்தாலும் ஆபத்து கூடும் என்று அதில் இருக்கிறது. அவர் புத்தகம் வந்து 21 வருஷம் கழித்து. காகிதத்தில் வந்துவிட்டது, கேள்வியாக எத்தனை அறைகளில் கேட்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

இனி தோழிக்கு.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் இருப்பது உன் பையன் கதை இல்லை. அவன் காலையில் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை, வுர்ட்செல் மூக்கில் ஏற்றிய பொடி செய்த வேலையைச் செய்யாது. சிறுவயதில் இந்தச் சிகிச்சை எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த ஒரு பகுப்பாய்வு, அது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றுதான் முடித்தது. பயப்படவேண்டிய இடம் வேறு. அவன் வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போவான், பரீட்சைக்கு முன்னால் 'ஒன்னு கொடுடா' என்று கேட்க ஆள் வரும். அப்போது அவனுக்கு இந்தக் கல்லீரல் கதையும் கடிகாரக் கதையும் தெரிந்திருக்கவேண்டும். இப்போதைக்கு அட்டையை நீ எடுத்து வை, எண்ணி வை.

"அதான் அந்தக் கடைக்காரரே ரெண்டு சீட்டு கேட்டு ஒன்னை வச்சுக்கிட்டாரே. ஏதோ கஞ்சா வாங்க வந்தவ மாதிரி பார்த்தாரு. அன்னிக்கே பயம் வந்துடுச்சு" என்றாள்.

அது சட்டம். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரமாக வைக்கவேண்டும். அதை நான் சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பார்வைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னேன், சிரித்தாள்.

மருத்துவர் சொல்லாமல் தானாக நிறுத்தியதை அவரிடமே சொல்லிவிடச் சொன்னேன். தானாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம் என்றேன். சனிக்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கிறாள். முப்பதில் மீதி பத்தொன்பது மாத்திரை பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பழைய குறிப்பில் அந்த வரியை நான் அழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, கீழே இந்தக் குறிப்பைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.